டிவியிடம் கேட்கும் மன்னிப்பு

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் தங்கச்சிமடம் பக்கம் இரண்டு வேலைதான் ஜோராக நடக்கும். ஒன்று, கரையேற்றிய விசைப்படகுகளை மராமத்து பார்த்து பெயிண்ட் அடிப்பது. இன்னொன்று, நடிகர்களைப் பற்றிச் சண்டை போடுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் காசு இருக்காது, ஆனால் நேரம் கொட்டிக் கிடக்கும், போனில் டேட்டாவும் இருக்கும். அப்புறம் என்ன, யார் எந்தக் கேசில் உள்ளே போனார், யார் வெளியே வந்து மறுபடி ஹிட் கொடுத்தார், யார் மேல் எந்தப் பெண் என்ன சொன்னார் என்று படகு நிழலில் உட்கார்ந்து பொழுது சாயும் வரை பேச்சு ஓடும். அப்படி ஒரு நாள் நான் ஏதோ குறுக்கே பேசப்போக, ஒரு தம்பி சொன்னான்: "அதெல்லாம் பழைய கதைண்ணே. மக்களே மன்னிச்சுட்டாங்க, ஒங்களுக்கு என்ன?"

எந்த நடிகர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கமெண்டில் அவர் ரசிகர்கள் வந்து இறங்குவார்கள், பேச வந்தது அப்படியே நின்றுவிடும். ஆனால் அந்த "மக்களே மன்னிச்சுட்டாங்க" என்னை விடவே இல்லை. அந்த நடிகர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தம்பிக்கும் ஒன்றும் செய்யவில்லை. அடிபட்டது எங்கோ இருக்கிற யாரோ, அவர் பெயர் கூட எங்கள் இருவருக்கும் தெரியாது. நாங்கள் செய்ததெல்லாம் டிக்கெட் வாங்கியது மட்டும். பிடித்த ஆளை விட மனசில்லை, அதனால் விடவில்லை. இதற்குப் போய் மன்னிப்பு என்று பெரிய பேர் வைத்துக்கொண்டு, நாம் ஏதோ தர்மம் பண்ணிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்துகிறோம்.

ஜனங்கள் மன்னிப்பதிலும் தண்டிப்பதிலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்துப் பாட்டு நட்சத்திரம் தியாகராஜ பாகவதர் கதை ஒன்றே போதும். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று வயசானவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மூன்றில் பின்னால் வந்த இரண்டு தீபாவளிக்கும் பாகவதர் சிறையில் இருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 1944 நவம்பரில் மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறார். பாகவதரும் சிரிப்பு நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகிறார்கள், 1945ல் ஆயுள் தண்டனை ஆகிறது. இங்கே ஜனம் என்ன செய்கிறது? கொலைக் குற்றவாளி என்று கோர்ட் சொன்ன மனிதரின் பாட்டைக் கேட்க வரிசையில் நிற்கிறது. சரி, அவரைக் குற்றவாளி என்று ஜனம் நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தால், லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வருகிறார்கள். அப்போதல்லவா தியேட்டர் இடிந்து விழுந்திருக்க வேண்டும்? அதற்குப் பிறகு வந்த பாகவதர் படங்கள் எடுபடவே இல்லை. 1959ல், ஐம்பது வயசு கூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார்.

அதே வழக்கு, அதே சிறை, அதே நாள் விடுதலை. கிருஷ்ணனை மட்டும் ஜனம் விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டது. கலைவாணர் என்று கொண்டாடியது, கடைசி வரைக்கும் கொண்டாடியது. இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது? குற்றமே இல்லை என்று கோர்ட் சொன்ன இரண்டு பேரில் ஒருவரை வைத்துக்கொண்டு ஒருவரைக் கைகழுவியதற்கு ஒழுக்கம் காரணம் இல்லை. பாட்டு மேல் பாட்டாக வரும் படங்களின் காலம் முடிந்து வசனத்தின் காலம் வந்துவிட்டது, கிருஷ்ணனின் சிரிப்புக்கு அப்போதும் கிராக்கி இருந்தது. ரசனை மாறியதுதான் தீர்ப்பு.

இதில் இன்னொரு ஆள் காணாமல் போனதைக் கவனித்தீர்களா? லட்சுமிகாந்தன். அவர் ஒன்றும் யோக்கியர் இல்லை, ஊரார் வீட்டு ரகசியத்தை எழுதிப் பிழைத்தவர்தான். ஆனால் பட்டப்பகலில் குத்திக் கொன்றார்கள், கொன்றது யார் என்பது இன்றைக்கு வரை முடிவாகவில்லை. பாகவதருக்காக அழுதவர்கள் உண்டு, கலைவாணருக்காக மாலை வாங்கியவர்கள் உண்டு. செத்தவனுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

எம்.ஆர்.ராதா கதை இதற்கு நேர் எதிர்த் திசை. 1967 ஜனவரியில் எம்ஜிஆரைச் சுட்டார், கோர்ட் தண்டித்தது, உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார், மறுபடி நடித்தார். எங்கள் பக்கம் எம்ஜிஆர் படம் வரைந்த படகே உண்டு, அவரைச் சாமியாக நினைத்த பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களே ராதா வசனத்தை அதே கரகர குரலில் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். முரண் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. ஒருவேளை அதுதான் சரியோ என்னவோ, ராதா செய்ததற்குத் தண்டனை அனுபவித்துவிட்டார், அப்புறம் ஜனத்துக்கு அதில் என்ன வேலை?

வடக்கே 2002 செப்டம்பரில் மும்பை பாந்திராவில் ஒரு பேக்கரி வாசலில் படுத்திருந்தவர்கள் மேல் சல்மான் கானின் வண்டி ஏறி ஒருவர் செத்தார், நாலு பேருக்குக் காயம். பதிமூன்று வருடம் கழித்து 2015 மே மாதம் செஷன்ஸ் கோர்ட் ஐந்து வருட தண்டனை கொடுத்தது. டிசம்பரில் உயர் நீதிமன்றம், அவர்தான் ஓட்டினார் என்பது நிரூபணம் ஆகவில்லை என்று விடுதலை செய்தது. நடுவில், ஜூலையில், அவர் படம் ஒன்று வந்து இந்தியா முழுக்க வசூலை அள்ளியது. அதாவது கோர்ட் கணக்கில் அவர் குற்றவாளியாக இருந்த அந்தச் சில மாதத்திலேயே ஜனம் முடிவு பண்ணிவிட்டது. நான் சல்மான் கானைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, கோர்ட் விட்டுவிட்டது. ஆனால் ரவீந்திர பாட்டீல் என்று ஒரு போலீஸ்காரர் இருந்தார். நடிகரின் பாதுகாப்புக்குப் போனவர், அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தவர், புகார் கொடுத்தவரே அவர்தான். அப்புறம் வேலை போய், சாட்சி சொல்ல வரவில்லை என்று கைதாகி, 2007ல் காசநோயில் செத்துப்போனார். அவர் சாட்சியத்தை நம்ப முடியாது என்று உயர் நீதிமன்றம் பின்னால் சொன்னது, அது சட்டத்தின் கணக்கு. என் கேள்வி வேறு. பேக்கரி வாசலில் தூங்கியவன் செத்தது உண்மை, நாலு பேருக்கு அடிபட்டது உண்மை. கோர்ட் கணக்குப்படி செய்தவர் யாரும் இல்லை. அப்படியானால் யார் யாரை மன்னித்தார்கள்?

நம்மை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 2013ல் ஐபிஎல் சூதாட்டம் வெடித்து, அணி நிர்வாகத்தில் மேலே இருந்த ஒருவர் பந்தயம் கட்டியது நிரூபணம் ஆகி, 2015ல் லோதா குழு சென்னை அணிக்கு இரண்டு வருடத் தடை போட்டது. 2018ல் திரும்பி வந்தார்கள், வந்த வருடமே கோப்பை. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஆட முடியாமல் புனேவுக்கு மாற்ற, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் போனார்கள் நம் ஆட்கள். யாராவது பந்தயத்தைப் பற்றிப் பேசினோமா? நானும் பேசவில்லை. பிடித்த அணி திரும்பி வந்தது, விசில் அடித்தோம், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டில் அசாருதீன் கதை இன்னும் வேடிக்கை. 2000ல் ஆட்ட நிர்ணயப் புகாரில் ஆயுள் தடை. அந்தத் தடை செல்லாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது 2012ல். ஆனால் மொராதாபாத் வாக்காளர்கள் அவரை எம்பி ஆக்கியது 2009ல், கோர்ட்டுக்கு மூன்று வருடம் முன்பே. டேவிட் வார்னரை எடுத்துக்கொள்ளுங்கள், 2018 மார்ச்சில் கேப்டவுனில் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்த விவகாரத்தில் ஒரு வருடத் தடை, "ஏமாத்துக்காரப் பய" என்று இங்கேயும் திட்டினோம். 2020 ஊரடங்கில் குடும்பத்தோடு தெலுங்குப் பாட்டுக்கு ஆடி வீடியோ போட்டார், செல்லப்பிள்ளை ஆகிவிட்டார், இப்போது தெலுங்குப் படத்திலேயே தலைகாட்டிவிட்டார். பந்தைச் சுரண்டியதில் யார் உயிரும் போகவில்லை, அதனால் இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கோலி 2019 உலகக் கோப்பையில் ஓவல் மைதானத்தில், அதே உப்புத்தாள் விவகாரத்தில் தடைபட்டு வந்த ஸ்டீவ் ஸ்மித்தைப் பார்த்து கூச்சல் போட்ட நம் ரசிகர்களைக் கைதட்டச் சொன்னாரே, அது எனக்குப் பிடித்திருந்தது. தடையை முழுசாக அனுபவித்துவிட்டு ஆட வந்தவனை எல்லைக்கோட்டில் நிற்க வைத்து ஏச என்ன இருக்கிறது?

ஆனால் பந்து வேறு, ஆள் வேறு. இதைத்தான் அந்தத் தம்பிக்குப் புரிய வைக்க முடியவில்லை.

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ராமேஸ்வரம். ராவணனைக் கொன்ற பாவம் தீர ராமரே இங்கே லிங்கம் வைத்துக் கும்பிட்டார் என்பது தலபுராணம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்தையும் தலையில் ஊற்றிக்கொண்டால் பாவம் போகும் என்று நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நடிகர்கள் வருவார்கள், அமைச்சர்கள் வருவார்கள், தேர்தலில் தோற்றவர்கள் வருவார்கள், ஜாமீனில் வந்தவர்களும் வருவார்கள். இந்தியாவின் மொத்தப் பாவமும் எங்கள் கடலில்தான் கரைகிறது, மீன் குறைந்துபோனதற்கு அதுதான் காரணம் என்று எங்கள் பெரியப்பா ஒருவர் சொல்வார். (பாவத்தோடு சேர்த்து உடுத்தின துணியையும் கடலில் விட்டுவிட்டுப் போகிறார்கள், அது காலில் சுற்றுகிறது. பாவத்தையாவது சாமி பார்த்துக்கொள்வார், துணியை நகராட்சிதான் அள்ளவேண்டும்.) நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, தீர்த்தமாடுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அது அந்த மனிதருக்கும் சாமிக்கும் நடுவே உள்ள விவகாரம். ஒரு நட்சத்திரம் ஈரத் தலையோடு பிரகாரத்தில் நடந்து வரும்போது இரண்டு பக்கமும் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறோமே, நமக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. சாமி மன்னித்தாரா இல்லையா என்பது வீடியோவில் தெரியாது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கீழக்கரையிலிருந்து கருவாடு எடுக்க வரும் காக்கா ஒருவர் (அவர்கள் பேச்சில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) சொன்னது என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. "அல்லாவுக்குச் செய்ற தப்பை அல்லா மன்னிப்பான் தம்பி. இன்னொரு மனுசனுக்குச் செஞ்ச தப்பு இருக்குல்ல, அத அந்த மனுசன் பொறுத்தாத்தான் உண்டு. அல்லாவே நடுவுல வரமாட்டான்" என்றார். அவர்கள் ஊரில் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் அதற்கு முன்னால் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், தொழிலில் மனஸ்தாபம் ஆனவர் என்று ஒவ்வொரு வீட்டுப்படியாக ஏறி, ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால், பாக்கி வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். கோடீஸ்வரனும் படியேற வேண்டும். "பள்ளிவாசல்ல மைக்கைப் புடிச்சு எல்லாருகிட்டயும் மொத்தமா கேட்டா ஆகாதா காக்கா?" என்று கேட்டேன். "ஆகாது. அவன் மூஞ்சியப் பார்த்துக் கேக்கணும். அதுலதான கஷ்டமே இருக்கு" என்றார்.

பிரபலங்கள் செய்வது இதற்கு நேர்மாறு. மைக்கைப் பிடித்து எல்லாரிடமும் மொத்தமாகக் கேட்கிறார்கள், "யார் மனதாவது புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பித்து. அந்த "யார்" யார் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அப்படி ஒரு வீடியோவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியதை எங்கள் சின்னம்மா மகளிடம் காட்டினேன். பாம்பன் பக்கம் கடல் பாசி எடுக்கப் போகிற அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி எழுந்து சம்பாதிக்கிற ஆள், வெட்டிப் பேச்சுக்கு நேரம் கிடையாது. முழுசாகக் கூடப் பார்க்கவில்லை. "அழுவுறது டிவியப் பாத்து அழுவுறான். அந்தப் புள்ளையப் போயி பாத்தானாமா?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

எங்கள் கரையில் சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாட்டுப்படகுக்காரர் ஒருவர் கரையோரம் பாய்ச்சி வைத்திருந்த வலைக்குள் ராத்திரி ஒரு விசைப்படகு புகுந்து இழுத்து நாசமாக்கிவிட்டது. விசைப்படகு முதலாளி முதலில் எங்கள் படகே இல்லை என்றார். விசைப்படகின் வலையிலேயே கிழிந்த துண்டு சிக்கியிருந்ததைக் காட்டியதும் வாய் அடைத்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். முதலாளி எழுந்து, தப்புதான், ஊர் மன்னிக்கணும் என்று கையெடுத்துக் கும்பிட்டு, தெண்டத்துக்கு மேலேயே ஒரு தொகையைத் திருவிழாவுக்கு நன்கொடையாக எழுதிவிட்டார். கூட்டம் குளிர்ந்துபோனது. இவ்வளவு பெரிய மனுசன் எழுந்து நின்று கேட்டுவிட்டாரே என்று பெருந்தன்மைக்குப் பாராட்டு வேறு. வலைக்காரர் ஓரத்தில் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கிழிஞ்சது என் வலை. திருவிழாவுக்குக் குடுத்தா நான் எதக் கொண்டு கடலுக்குப் போறது?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் ஒரு பெருசு, "ஊரே ஒத்துக்கிட்ட பெறகு நீ என்னப்பா வம்பு பண்ற" என்று சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வலைக்கு ஈடு அவருக்கு வந்து சேர அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஆனது, அதுவும் பாதி.

நட்சத்திரங்களின் வெள்ள நிவாரணமும் இலவசக் கண் சிகிச்சை முகாமும் ரத்ததானமும் எனக்கு அந்தத் திருவிழா நன்கொடை மாதிரியே தெரிகின்றன. நல்ல காரியம்தான், வாங்கிக்கொண்டவர் வாழ்த்தட்டும். ஆனால் கணக்கு தீர்க்கவேண்டிய இடம் அது இல்லை. சரி, ஊர்க்கூட்டத்தை நான் உத்தம சபை என்றும் சொல்ல வரவில்லை, மேலே சொன்னதிலேயே தெரிந்திருக்கும். படகு பெரிசானால் தெண்டம் சிறுசாகும். பொம்பளைப் பிள்ளை சம்பந்தப்பட்ட புகார் என்றால் "வெளிய தெரியாம முடிச்சுக்கலாம்" என்றுதான் முதல் வார்த்தை வரும், அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்காரவும் முடியாது. சினிமா சங்கங்களும் இதே லட்சணம்தான்.

பாடகி சின்மயி விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 2018 அக்டோபரில் மீடூ அலை வந்தபோது ஒரு மூத்த பாடலாசிரியர் மேல் புகார் சொன்னார். பெயர் உங்களுக்கே தெரியும். அவர் மறுத்தார், கோர்ட் எதையும் முடிவாகச் சொல்லவில்லை, அதனால் அவர் செய்தார் என்று நான் எழுத முடியாது. ஆனால் அடுத்த மாதமே டப்பிங் யூனியனிலிருந்து நீக்கப்பட்டது யார்? புகார் சொன்னவர். காரணம் சந்தா பாக்கியாம். தமிழில் அவருக்கு டப்பிங் வேலை நின்றுபோனது, 2023ல் லியோ படத்துக்காகத் திரிஷாவுக்குக் குரல் கொடுக்கும் வரை பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் 2025 மே மாதம், தக் லைஃப் பாட்டு வெளியீட்டு விழாவில் முத்த மழையை மேடையில் பாடினார். வீடியோ பற்றிக்கொண்டது. எங்கள் படகு நிழல் கூட்டத்திலேயே, 2018ல் அவரை வாய்க்கு வந்தபடி பேசியவர்கள், "என்னா பாட்டுடா, இந்தப் புள்ளையப் போயி ஒதுக்கி வச்சுட்டானுங்களே" என்று உருகினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. புகார் சொன்னவரையும் நாம் "மன்னித்துவிட்டோம்", பாட்டு நன்றாக இருந்ததால்! அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று விசாரித்து யாரும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. சுருதி சேர்ந்தது, அதனால் நியாயமும் சேர்ந்துவிட்டது. அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தால்? பாடத் தெரியாத ஒரு துணை நடிகை, ஒரு மேக்கப் உதவியாளர் இதே புகாரைச் சொல்லியிருந்தால்? கேரளாவில் சினிமாப் பெண்களின் நிலையை விசாரித்த ஹேமா கமிட்டி அறிக்கையை 2019 டிசம்பரில் வாங்கி வைத்துக்கொண்டு 2024 ஆகஸ்டில்தான் வெளியே விட்டார்கள், அதில் பேசியவர்களில் பலருக்குப் பெயர் கூட வெளியே தெரியாது. அவர்களுக்கு எந்த மேடை வீடியோ வந்து வேலையைத் திருப்பித் தரப்போகிறது?

இதையெல்லாம் சொன்னால் அந்தத் தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டான், அதை மறைக்கக் கூடாது. "அப்ப தப்பு பண்ணவன் கடைசி வரைக்கும் வேலையே செய்யக் கூடாதாண்ணே? ஜெயிலுக்குப் போயிட்டு வந்த நம்ம பயலுக்கு மட்டும் படகுல வேல குடுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?" சொன்னேன், இப்போதும் சொல்வேன். இந்தி நடிகர் சஞ்சய் தத் 1993 மும்பை வெடிகுண்டு வழக்கில் ஆயுதம் வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்று, உச்ச நீதிமன்றமும் உறுதி செய்து, எரவாடா சிறையில் இருந்துவிட்டு 2016ல் வந்தார். நடிக்கட்டும், தாராளமாக நடிக்கட்டும். பாகிஸ்தானின் முகமது ஆமிர் லார்ட்ஸில் காசுக்கு நோபால் போட்டபோது பதினெட்டு வயசுப் பையன், குற்றத்தை ஒத்துக்கொண்டு சிறைக்கும் போய், ஐந்து வருடத் தடையையும் கழித்துவிட்டு வந்தான். 2017 சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலில் ரோகித், கோலி, தவான் மூன்று பேரையும் தூக்கியபோது எனக்கு வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு. தண்டனை முடிந்த ஆளுக்கு வேலை கொடுப்பதற்கு மன்னிப்பே தேவையில்லை. சட்டம் போட்ட கணக்கு தீர்ந்தது, அவருக்கும் வயிறு இருக்கிறது, அவர் போய் வேலையைப் பார்க்கட்டும். நான் எதிர்ப்பது அதற்கு அடுத்த படியை. கட்அவுட், பால், மாலை, வாழ்நாள் சாதனையாளர் விருது, கல்லூரி விழாவில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லக் கூப்பிடுவது. விருது கொடுக்கும்போது மேடையில் ஏறுவது அவர் ஒருவர் என்றாலும், வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்க்கிற இன்னொரு ஆளுக்கும் சேர்த்து நாம் ஏதோ சொல்கிறோம். உன் பேச்சை நாங்கள் நம்பவில்லை, அல்லது நம்பினோம், ஆனால் பரவாயில்லை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் அந்த ஆள் கேட்கிறார்.

"பத்து வருசம் ஆச்சுண்ணே" என்பதும் அடிக்கடி வரும். யாருக்குப் பத்து வருடம்? படம் வந்து ஹிட் ஆகிற ஆளுக்குப் பத்து வருடம் என்பது பதினைந்து படம். அவரால் படிப்பை, வேலையை, கல்யாணத்தை விட்டவருக்கு அது வேறு நீளம். பாதிக்கப்பட்டவரே முன்வந்து, போதும், நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன், அப்படிச் சொன்னவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர் சொல்லாமல் அவருக்குப் பதிலாக நான் சொல்ல எனக்கு யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது?

பாட்டு கேட்பீர்களா, படம் பார்ப்பீர்களா என்று கேட்டால், பார்ப்பேன், கேட்பேன். எனக்குப் பிடித்த சில பாட்டுகள் எனக்குப் பிடிக்காத ஆட்கள் எழுதியவை, பாடியவை. காதை அறுத்துக்கொள்ள முடியாது. என் காசு, என் ஆசை, அவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன், அதற்கு மேல் ஒரு புண்ணியக் கணக்கை எழுதமாட்டேன். பேட்டி எடுக்கிற யூடியூப் சேனல்காரர்களிடம் மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள். "அந்தக் கஷ்டமான காலத்தை எப்படிக் கடந்து வந்தீங்க சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறீர்களே, கூடவே, அவங்க இப்ப எங்க இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார் என்றும் கேளுங்கள். பதில் வேண்டாம், அந்தக் கேள்வி வரும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் போதும்.

நேற்று ரசிகர் மன்றப் பையன்கள் கடைக்கு வந்தார்கள். ராமநாதபுரம் தியேட்டரில் பழைய படம் ஒன்று ரீ-ரிலீஸாம், வேன் வைத்துப் போகிறார்களாம், ஃப்ளெக்ஸுக்கும் பாலுக்கும் வசூல். டிக்கெட் காசு நான் கொடுக்கிறேன், வேன் வாடகையிலும் என் பங்கைத் தருகிறேன், ஃப்ளெக்ஸுக்கும் பாலுக்கும் பத்து பைசா கிடையாது என்றேன். ஒருத்தன் கணக்கு நோட்டில் என் பேருக்கு நேரே ஏதோ எழுதினான், என்ன எழுதினான் என்று எட்டிப் பார்க்க விடவில்லை. வேனில் எனக்கு சீட் உண்டா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.